ஒரே வரிசையில் பல ரகம்: கைபேசிப் பட்டியலின் கதை

வாட்ஸ்அப்பைத் திறந்து ஏதாவது ஒரு குடும்பக் குழுவுக்குள் போய்ப் பாருங்கள். மேலே "நேற்று" என்று ஒரு சின்னப் பட்டை இருக்கும். அதன் கீழே தங்கை எழுதிய இரண்டு வரி. அதற்குக் கீழே பேரனின் போட்டோ. அப்புறம் யாரோ பேசி அனுப்பிய ஒலிப்பதிவு, ஒரு பிடிஎஃப் கல்யாணப் பத்திரிகை, நடுவில் ஒரு சாம்பல் அறிவிப்பு வரி. எல்லாம் வேறு வேறு ரகம், வேறு வேறு உயரம். ஆனாலும் கட்டைவிரலால் தள்ளினால் ஒரே பாய் விரித்தாற்போல ஓடுகிறது.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கு இருக்கிறது. வேலை பார்த்த காலம் முழுக்க ஒரே கோப்பில் பல ரகத் தகவலை வைத்துக்கொண்டு மாரடித்தவன் நான். 2014-ல் ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோக்காக ஆண்ட்ராய்டு நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்காக ஒரு சின்னச் செயலியும் செய்தேன். அறிவிப்பு, தண்ணீர் லாரி வரும் நேரம், பொங்கல் விழாப் படங்கள், பராமரிப்புக் கட்டண பாக்கி, எல்லாம் ஒரே பட்டியலில் வர வேண்டும் என்பது செயலாளரின் கட்டளை. அதைச் செய்யும்போதுதான் இந்தப் பட்டியலுக்குள் எவ்வளவு பழைய சரக்கு ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது. கொஞ்சம் டெக்னிக்கலாக இருக்கும். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர்களுக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

கார்டு காலம்

1978-ல் நான் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் சேர்ந்தபோது எங்கள் பிரிவுக்கு "டேட்டா ப்ராசஸிங்" என்று பெயர். தகவல் எல்லாம் துளையிட்ட அட்டைகளில் வரும். ஒரு கார்டில் 80 பத்திகள், பத்திக்கு ஓர் எழுத்து. 1928-ல் ஐபிஎம் வகுத்த அளவு அது. ஐம்பது வருஷம் கழித்தும் நாங்கள் அதே 80-க்குள்தான் குடித்தனம் நடத்தினோம்.

சம்பளப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊழியருக்கு ஒரு கார்டு போதாது. முதல் கார்டில் பெயர், எண், பிரிவு. இரண்டாவதில் அடிப்படைச் சம்பளமும் படிகளும். மூன்றாவதில் பிடித்தங்கள்: சேமநல நிதி, சொசைட்டிக் கடன், பண்டிகை முன்பணம். மூன்றுக்கும் உள்ளமைப்பு வேறு. ஒன்றில் பெயர் இருக்கும் இடத்தில் இன்னொன்றில் ரூபாய் இருக்கும். ஆனால் மூன்றும் ஒரே அடுக்கில், ஒன்றன்பின் ஒன்றாக இயந்திரத்துக்குள் போகும்.

எது எந்த ரகம் என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? முதல் பத்தியில் ஓர் எண்ணைத் துளைத்து வைப்போம். 1 என்றால் பெயர்க் கார்டு, 2 என்றால் சம்பளம், 3 என்றால் பிடித்தம். நிரல் முதலில் அந்த ஓர் எழுத்தைப் பார்க்கும். பார்த்த பிறகுதான் மீதி 79 பத்திகளுக்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்யும். நாங்கள் எழுதிய மொழி கோபால். (வீட்டில் ரொம்ப நாள் கோபால் என்பது என் மேலதிகாரி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.) அந்த மொழியில் ஒரே கோப்புக்குக் கீழே மூன்று விதமான பதிவு அமைப்புகளை எழுதிக்கொள்ளலாம். மூன்றும் அதே 80 எழுத்தைத்தான் குறிக்கும், பார்க்கும் கண்ணாடிதான் வேறு.

இதில் மூன்று விதிகள் இருந்தன. ஒன்று, ரகக் குறி தகவலோடு கூடவே வர வேண்டும். இரண்டு, ஒவ்வொரு ரகத்துக்கும் தனி அமைப்பு. மூன்று, தெரியாத குறி வந்தால் ஊகிக்கக் கூடாது, பிழைப் பட்டியலில் தனியாக அச்சடிக்க வேண்டும். இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள், கைபேசியில் மறுபடி சந்திப்போம்.

காகிதம் போய்த் திரை வந்தது

அந்தக் காலத்தில் வெளியீடு என்றால் லைன் பிரிண்டர். வரிக்கு 132 எழுத்து, மடித்து மடித்து வரும் தொடர் காகிதம். நாலாயிரம் பேருக்குச் சம்பளப் பட்டியல் என்றால் நாலாயிரமும் அச்சாகிவிடும். பார்க்கிறவர் புரட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

திரை வந்ததும் நிலைமை மாறியது. திரை ஒரு சன்னல். நாலாயிரம் பேர் உள்ளே இருந்தாலும் சன்னல் வழியே தெரிவது இருபது பேர். நாலாயிரம் பேரையும் வரைந்து வைத்தால் நினைவகம் தாங்காது, வரையாமல் இருந்தால் தள்ளும்போது வெற்றிடம் தெரியும். தெரிகிறதை மட்டும் வரைந்து, எல்லாமே இருப்பது போலக் காட்ட வேண்டும். திரைப் பட்டியலின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வித்தையைச் சுற்றித்தான்.

1990-ல் வந்த விண்டோஸ் 3.0-ல் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. பட்டியலை வைத்திருப்பது விண்டோஸ், வரியை வரைவது நம் நிரல். "இந்த வரிக்கு உயரம் எவ்வளவு?" என்று விண்டோஸ் ஒரு செய்தி அனுப்பும். "இந்த வரியை இப்போது வரைந்து கொடு" என்று இன்னொரு செய்தி வரும். வரிகள் ஒரே உயரமாக இருக்கலாம், வேறு வேறு உயரமாகவும் இருக்கலாம் என்று இரண்டு வகை வைத்திருந்தார்கள். பல ரகத்தை ஒரே பட்டியலில் போட வழி அப்போதே இருந்தது என்று அர்த்தம்.

அதே 1990-ல் பால் கால்டர், மார்க் லிண்டன் இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். திரையில் தெரியும் ஒவ்வோர் எழுத்தையும்கூட ஒரு தனிப் பொருளாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பொருள் மிக லேசாக இருக்க வேண்டும், ஒன்றையே பல இடங்களில் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஃப்ளைவெயிட், குத்துச்சண்டையில் எடை குறைந்தவர்களின் பிரிவு. 1994-ல் நான்கு பேர் சேர்ந்து எழுதிய "டிசைன் பேட்டர்ன்ஸ்" புத்தகம் இந்தப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

பிறகு ஜாவாவின் ஸ்விங் வந்தது. அதில் ஓர் அட்டவணையின் ஒரே ரகக் கட்டங்களை எல்லாம் வரைய ஒரே ஓர் ஆள்தான். ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. எழுத்தை மாற்றிக் குத்து, அடுத்த கட்டத்துக்குப் போ, மறுபடி மாற்றிக் குத்து. தாலுகா ஆபீஸ் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விரல் பட்ட பிறகு

மவுஸால் பட்டியலை நகர்த்தும்போது கொஞ்சம் தடுமாறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். விரல் அப்படி இல்லை. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காகிதத்தை விரலே நகர்த்துகிறது என்று மூளை நம்புகிறது. ஒரு நொடியில் சின்னப் பங்கு தாமதித்தாலும் அந்த நம்பிக்கை உடைந்துவிடும்.

ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-ல் ஒரு பேட்டியில் சொன்னார்: முதலில் யோசித்தது ஒரு பலகைக் கணினியைத்தான், ஆனால் விரலால் தள்ளினால் தானாக ஓடி நிற்கும் பட்டியலைத் தன் ஆட்கள் செய்து காட்டியபோதுதான் இதை வைத்து ஒரு போன் செய்யலாமே என்று தோன்றியது என்று. பட்டியலின் கடைசிக்குப் போனால் ரப்பர் பேண்ட் போல இழுபட்டுத் திரும்புகிறதே, அதை உருவாக்கியவர் பாஸ் ஆர்டிங் என்ற ஆப்பிள் வடிவமைப்பாளர். 2007 ஜனவரியில் முதல் ஐபோனை மேடையில் காட்டும்போது ஜாப்ஸ் பாட்டுப் பட்டியலை விரலால் தள்ளியதைப் பார்த்துத்தான் கூட்டம் வாயைப் பிளந்தது.

வழவழப்பாக ஓட வேண்டுமானால் நொடிக்கு 60 முறை திரையை வரைய வேண்டும். ஒரு முறைக்கு 16.7 மில்லிநொடி. முதல் ஐபோனின் நினைவகம் 128 எம்பி. 2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் 192 எம்பி, அதிலும் ஒரு செயலிக்குக் கிடைத்தது 16 எம்பி மட்டுமே. அந்தப் போனின் கேமரா எடுத்த ஒரு படம் அகலத்தில் 2048 புள்ளி, உயரத்தில் 1536 புள்ளி. புள்ளிக்கு 4 பைட் வைத்து அப்படியே விரித்தால் ஒரே படம் 12 எம்பி. இரண்டாவது படத்துக்கு இடம் கிடையாது. இந்த நெருக்கடியில்தான் பத்து ரகங்களை ஒரே வரிசையில் ஓட விட வேண்டும்.

ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும்

ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் 2008-ல் கண்ட வழி கிட்டத்தட்ட ஒன்றுதான். பழைய நாடகக் கம்பெனியை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும்.

கதையில் இருநூறு பாத்திரங்கள். கம்பெனியில் பன்னிரண்டு நடிகர்கள். ஒரு நேரத்தில் மேடையில் நிற்பது எட்டுப் பேர். ஒருவர் இடது பக்கமாக வெளியே போனதும் ஒப்பனையை மாற்றிக்கொண்டு வலது பக்கமாக வேறு பாத்திரமாக வருவார். பார்ப்பவருக்கு இருநூறு பேரும் இருப்பது போலத் தோன்றும். கைபேசியில் மேல் விளிம்பைத் தாண்டி மறையும் வரியைத் தூக்கி எறிவதில்லை. அதையே எடுத்து, உள்ளே எழுத்தையும் படத்தையும் மாற்றி, கீழ் விளிம்பில் புது வரியாக விடுகிறார்கள். நீங்கள் ஆயிரம் செய்தியைத் தள்ளிப் பார்த்தாலும் உண்மையில் இருப்பது பத்துப் பதினைந்து வரிகள்தான்.

எல்லா வரியும் ஒரே ரகமாக இருந்தால் கதை இதோடு முடிந்தது. பல ரகம் என்றால் சிக்கல். கிரீடமும் கவசமும் மாட்டிய ராஜபார்ட் நடிகர் இரண்டு நொடியில் ஸ்திரீபார்ட்டாக வர முடியாது. எல்லாவற்றையும் கழற்றி மாட்டுவதற்குப் புதிதாக ஓர் ஆளையே கூட்டி வந்துவிடலாம். அதனால் ஒப்பனை அறையைத் தடுத்துவிட்டார்கள். ராஜபார்ட்டுக்கு ஓர் அறை, ஸ்திரீபார்ட்டுக்கு ஓர் அறை, பபூனுக்கு ஓர் அறை. வெளியே வந்தவர் தன் அறைக்குத்தான் போவார். புது ராஜா வேண்டுமென்றால் ராஜபார்ட் அறையைத்தான் தட்ட வேண்டும்.

ஐபோனில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெயர்ச்சீட்டு. ஆண்ட்ராய்டின் லிஸ்ட்வியூவில் ஓர் எண். நிரல் எழுதுபவர் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: மொத்தம் எத்தனை ரகம்? இத்தனையாவது வரி எந்த ரகம்? பதில் 0, 1, 2 என்று வரும். இதை முதல் தடவை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கார்டின் முதல் பத்தி!

இந்த ஏற்பாட்டில் ஒரு பிரபலமான கோளாறும் உண்டு. முந்தைய வேஷத்தின் மீசையை எடுக்க மறந்துவிட்டு நடிகர் மேடைக்கு வந்துவிடுவார். வேகமாகத் தள்ளும்போது ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கணம் வேறொருவர் முகம் தெரிந்து மாறியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். படம் இணையத்திலிருந்து வந்து சேர்வதற்குள் அந்த வரி வேறொருவருக்குப் போயிருக்கும், வந்த படம் பழைய விலாசத்தில் உட்கார்ந்துவிடும். தபால்காரர் காலி செய்துவிட்டுப் போனவரின் கடிதத்தைப் புதிதாகக் குடிவந்தவர் கதவிடுக்கில் செருகுவது மாதிரி. இதை எப்படித் தவிர்ப்பது என்று 2010-ல் கூகுளின் ஆண்ட்ராய்டுக் குழுவே ஒரு விளக்கக் கட்டுரை வெளியிட வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் இதை வேறு விதமாக வென்றவர் ஒருவர் உண்டு. லோரன் பிரிக்டர் என்ற இளைஞர், ஆப்பிளில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர். 2008-ல் ட்விட்டருக்காக ட்வீட்டி என்ற செயலியை எழுதினார். ஒரு வரிக்குள் படத்துக்கு ஒரு பெட்டி, பெயருக்கு ஒரு பெட்டி, எழுத்துக்கு ஒரு பெட்டி என்று அடுக்காமல், முழு வரியையும் ஒரே தாளில் தானே வரைந்தார். பட்டியல் வழுக்கிக்கொண்டு ஓடியது. செய்த விதத்தை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். பட்டியலைக் கீழே இழுத்துவிட்டால் புதிதாக வருகிறதே, அந்தப் பழக்கமும் அவர் கொடுத்ததுதான். 2010-ல் ட்விட்டர் நிறுவனம் அந்தச் செயலியை விலைக்கு வாங்கிக்கொண்டது.

உயரம் என்னும் தலைவலி

பல ரகம் என்றால் பல உயரம். ஓரத்தில் ஒரு சின்னக் கோடு, நீங்கள் பட்டியலில் எங்கே இருக்கிறீர்கள் என்று காட்டுகிறதல்லவா? அதைச் சரியாகக் காட்ட மொத்த உயரம் தெரிய வேண்டும். மொத்தம் தெரிய ஒவ்வொரு வரியின் உயரமும் தெரிய வேண்டும். ஐபோன் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தது. பட்டியலைத் திறந்ததும் எல்லா வரிகளுக்கும் உயரம் கேட்கும். ஆயிரம் வரி என்றால் ஆயிரம் கேள்வி, முதல் வரி தெரிவதற்கு முன்பே. 2013-ல் ஐஓஎஸ் 7 வந்தபோது "உத்தேசமாக ஓர் உயரம் சொல், போதும்" என்று தளர்த்தினார்கள். அடுத்த வருஷம், உள்ளே இருப்பதைப் பார்த்து வரியே தன் உயரத்தை முடிவு செய்துகொள்ளலாம் என்றானது. சில பட்டியல்களில் அந்தக் கோடு திடீரென்று நீளுவதும் குறைவதும் இந்த உத்தேசக் கணக்கினால்தான். உங்கள் போனில் கோளாறு இல்லை.

ரீசைக்கிளர்வியூவும் அதன் பிறகும்

2014 ஜூனில் கூகுள் ரீசைக்கிளர்வியூ என்ற புதுப் பட்டியலை அறிவித்தது. மறுபயன்பாடு என்ற வித்தையைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். முன்பு நல்ல நிரலாளர்கள் மட்டும் கடைப்பிடித்த சில ஒழுங்குகள் இதில் கட்டாயமாயின. வரிகளை அடுக்கும் வேலை தனி, உள்ளே நிரப்பும் வேலை தனி. மேலிருந்து கீழாகவும் அடுக்கலாம், இரண்டு பத்தியாகவும் அடுக்கலாம். ஒப்பனை அறைகள் அப்படியே இருக்கின்றன. ரகத்துக்கு 5 பேர் காத்திருக்கலாம் என்பது சொல்லாமலே கிடைக்கும் அளவு, வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம். நான் ஓய்வு பெற்ற அதே வருஷம் வந்த சரக்கு என்பதால் எனக்கு இதன்மேல் ஒரு தனிப் பிரியம். சங்கத்தின் செயலியை இதில்தான் செய்தேன். தேதிப் பட்டைக்கு 0, அறிவிப்புக்கு 1, படத்துக்கு 2, பாக்கிக்கு 3.

ரகம் கூடக் கூட நிரலில் "இந்த ரகமானால் இது, அந்த ரகமானால் அது" என்று ஒரு பெரிய மரம் கிளைவிடும். அதை ஒடுக்க ஏர்பிஎன்பி 2016-ல் எபாக்சி என்ற கருவியைப் பொதுவில் வைத்தது. ஃபேஸ்புக் 2017-ல் லித்தோவைக் கொடுத்தது. 2020-ல் கூகுளே பல சிறு பட்டியல்களை ஒன்றாகக் கோக்கும் வசதியைச் சேர்த்தது. 2021-ல் ஜெட்பேக் கம்போஸ் வந்த பிறகு, "இங்கே ஒரு தலைப்பு, இங்கே பத்துப் படம், இங்கே ஒரு பொத்தான்" என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனால் பட்டியல் தயார்.

கருவி மாறினாலும் ரகக் குறி போகவில்லை. இப்போதெல்லாம் அது சர்வரிலிருந்தே வருகிறது. ஒவ்வொரு தகவலோடும் "டைப்" என்று ஒரு சொல் ஒட்டியிருக்கும். செயலி முதலில் அதைப் பார்க்கும், பிறகுதான் மீதியைப் படிக்கும். தெரியாத ரகம் வந்தால்? சில செயலிகள் சத்தமில்லாமல் விட்டுவிடும். வாட்ஸ்அப் நாணயமாக, ஒரு செய்தி வந்திருக்கிறது, உங்களிடம் இருக்கும் பதிப்பால் அதைக் காட்ட முடியவில்லை என்று சொல்லிவிடும். எங்கள் பிழைப் பட்டியலின் வாரிசு. கார்டு காலத்து மூன்று விதிகளும் அப்படியே உயிரோடு இருக்கின்றன.

பணம் எந்த ரகம்?

இதுவரை சொன்னது வித்தையின் கதை. இனி பணத்தின் கதை. அதற்குச் சில வருஷம் பின்னே போக வேண்டும்.

2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் "நியூஸ் ஃபீட்" என்பதைத் தொடங்கியது. அதற்கு முன் ஒருவரைப் பற்றித் தெரிய அவர் பக்கத்துக்குப் போக வேண்டும். இனி எல்லோர் சமாச்சாரமும் ஒரே வரிசையில் உங்களிடம் வரும். முதலில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பிறகு அதுவே எல்லோருக்கும் முன்மாதிரி ஆனது. கல்யாணச் செய்தி, போட்டோ, பிறந்தநாள், இணைப்பு என்று பல ரகம் ஒரே வரிசையில்.

கணினித் திரையில் விளம்பரத்துக்கு வலது ஓரத்தில் தனி இடம் இருந்தது. பேப்பரில் கட்டம் கட்டிப் போடுவது போல. கைபேசியில் ஓரம் ஏது? 2012 பிப்ரவரியில் பங்கு வெளியீட்டுக்காகக் கொடுத்த ஆவணத்தில் ஃபேஸ்புக், மொபைல் மூலம் சொல்லிக்கொள்ளும்படியான வருமானம் நேரடியாக வருவதில்லை என்று அபாயப் பட்டியலில் ஒப்புக்கொண்டது. ஆட்கள் எல்லாம் கைபேசிக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். அந்த மே மாதம் 38 டாலருக்கு விற்ற பங்கு, சில மாதங்களில் பாதிக்கும் கீழே போனது.

வழி பட்டியலுக்குள்ளேயே இருந்தது. ஓரம் இல்லையா, வரிசையிலேயே ஓர் இடம் கொடு. விளம்பரமும் ஒரு ரகம். அதற்கும் ஓர் எண், ஓர் அமைப்பு, ஓர் ஒப்பனை அறை. அதே வருஷம் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் ஃபேஸ்புக் தன் செயலிகளைப் புதிதாக எழுதி, பட்டியலை வேகமாக ஓட வைத்தது. 2012-ன் கடைசிக் காலாண்டில் அதன் விளம்பர வருமானத்தில் மொபைலின் பங்கு 23 சதவீதம். ஒரே வருஷம் கழித்து, 2013-ன் கடைசிக் காலாண்டில் 53 சதவீதம். பலரும் அதே பாதையில் நடந்தார்கள். ட்விட்டர் 2010-லேயே பணம் பெற்றுக்கொண்டு ட்வீட்டுகளைக் காட்டத் தொடங்கியிருந்தது.

நாம் காசு கொடுக்காமல் இத்தனை செயலிகளைப் பயன்படுத்துகிறோமே, அதற்கான செலவை இந்த ஒரு ரகம் பெருமளவு தாங்குகிறது. அதனால் விளம்பரமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பேப்பரிலும் இருந்தது, ரேடியோவிலும் இருந்தது. என் கவலை வேறு.

நிரலுக்குத் தெரியும்

எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவ்வப்போது போனை நீட்டி, "சார், இது நியூஸா, விளம்பரமா?" என்று கேட்பார். மாதாமாதம் நிச்சய வருமானம் தரும் முதலீடு, மூட்டு வலிக்கு ஏழு நாளில் தீர்வு, இப்படி ஏதாவது இருக்கும். தலைப்பு செய்தி மாதிரி, படம் செய்தி மாதிரி, எழுத்தின் அளவு செய்தி மாதிரி. எங்கேயோ ஓர் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் "ஸ்பான்சர்ட்" என்று இருக்கும். எழுபது வயதுக் கண்ணுக்கு அது தெரியாது. அவர் கேட்கிறார். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் எத்தனையோ பேர். அப்படி ஒரு பட்டியலில் பார்த்த "செய்தி"யை நம்பி ஓய்வூதியச் சேமிப்பில் ஒரு பகுதியைத் தொலைத்தவரும் எங்கள் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் உண்டு.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். எது செய்தி, எது விளம்பரம் என்பதில் நமக்குத்தான் சந்தேகம். அந்தச் செயலிக்கு ஒரு துளியும் சந்தேகம் கிடையாது. தெரியாமல் அந்த வரியை அதனால் காட்டவே முடியாது. எத்தனை தடவை காட்டினோம், யாரிடம் பணம் வாங்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ரகக் குறியை வைத்துத்தான். உள்ளே அவ்வளவு துல்லியமாகப் பிரித்து வைத்திருப்பதை வெளியே ஒரே முகமாகக் காட்டுவது தொழில்நுட்பத்தின் கட்டாயம் இல்லை. யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவு. தேதிப் பட்டைக்கு வேறு நிறம் கொடுக்க முடிகிறது, பாக்கித் தொகைக்குச் சிவப்பு கொடுக்க முடிகிறது. விளம்பரத்துக்கு மட்டும் ஏன் முடியாது? கள்ளபார்ட் நடிகருக்கு ராஜபார்ட் உடுப்பை மாட்டி அனுப்புவதற்கு ஒப்பனை அறையைக் குறை சொல்ல முடியாது.

அரசாங்கங்களும் இதைக் கவனிக்காமல் இல்லை. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2015 டிசம்பரில், விளம்பரத்தைச் செய்தி போல அமைத்து ஏமாற்றக் கூடாது என்று ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் "டார்க் பேட்டர்ன்ஸ்" எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகள் 13 வகையைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அதில் ஒன்று, வேறு ரகமாக வேஷமிட்டு வரும் விளம்பரம். சட்டம் வந்துவிட்டது, சாம்பல் எழுத்து இன்னும் பெரிதாகவில்லை.

சங்கத்தின் செயலியில் உள்ளூர்க் கடைகளின் விளம்பரம் போட வேண்டும் என்று பிற்பாடு ஒரு பேச்சு வந்தது. லிஃப்ட் பராமரிப்புக்குக் கொஞ்சம் பணம் வருமே என்று செயலாளரும் ஆதரித்தார். நானும் மறுக்கவில்லை. அதற்கு 4 என்று ஒரு ரகம் சேர்த்தேன். பின்புறம் வெளிர் மஞ்சள், மேலே தடித்த எழுத்தில் "விளம்பரம்" என்று தமிழில். மளிகைக்கடைக்காரர் ஒருவர், "மத்த அறிவிப்பு மாதிரியே இருந்தா இன்னும் நாலு பேர் பார்ப்பாங்க சார்" என்றார். அவர் சொன்னது சரிதான், நாலு பேர் கூடுதலாகப் பார்ப்பார்கள். ஆனால் அடுத்த முறை தண்ணீர் லாரி அறிவிப்பையும் விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டுப் போவார்கள். மஞ்சள் அப்படியே இருக்கிறது. கடைக்காரரும் இன்னும் விளம்பரம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

கடைசியாக என் வயதுக்காரர்களுக்கு ஒரு சின்ன யோசனை. பட்டியலில் ஏதாவது ஒன்று செய்தியா விளம்பரமா என்று சந்தேகம் வந்தால், அந்த வரியின் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான பெரிய செயலிகளில், அது விளம்பரமாக இருந்தால் "இந்த விளம்பரம் எனக்கு ஏன் வருகிறது" என்ற பொருளில் ஒரு வரி உள்ளே இருக்கும். முகத்தில் மறைத்த ரகக் குறியை அங்கே மறைக்க முடிவதில்லை. பேரப்பிள்ளைகளைக் கேட்டால் அரை நிமிடத்தில் காட்டிக் கொடுப்பார்கள்.